சோழவரம் ஓடுதளம்

சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வானூர்தி ஓடுதளம் ஒன்று அமைந்தது. போர் ஓய்ந்தபின் அங்கே மகிழுந்துகளும் விசையுந்துகளும் பந்தயமிட்டன. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ஆர்வலர்கள் அவற்றைப் பல்லாண்டுகள் நடத்தினர். வானூர்தி நேரே ஓடி மேலெழும். பந்தய ஊர்தியோ வளைந்து திரும்ப வேண்டும். நேர்த்தளத்தில் வளைவுகளை வகுத்துக்கொண்டது அவர்தம் திறம். ஆயினும் இரவல் நிலம் எத்தனை நாளைக்கு? 1990இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளத்தில், கிளப்பின் சொந்தத் தடம் பிறந்தது. சோழவரத்தின் ஆரவாரம் அடங்கியது. அந்நாளைய ஒளிப்படங்களையும் ஊர்திகளையும் அன்பர்கள் பேணுகின்றனர். 1996இல் மாநகரின் பெயர் சென்னையென மாறியபோதும் கிளப் தன் பழம்பெயரை விடவில்லை.