கோல்ஃப் ஹேண்டிகேப்: வரம்பும் வீம்பும்

நம்பிக்கை: ஒரு குழியில் எத்தனை அடி போனாலும் ஹேண்டிகேப் கணக்கில் வரம்புக்கு மேல் ஏறாது, ஆகவே சிக்கலில் மாட்டிக்கொண்டால் துணிந்து அடித்துவிடலாம்.

உண்மை: கோல்ஃப் ஆடுவோரிடையே ஓயாமல் ஓதப்படும் இந்த உபதேசத்தின் முற்பாதி சரி, பிற்பாதி அபத்தம். ஹேண்டிகேப் என்பது ஓர் ஆட்டக்காரரின் திறனை அளந்து, அதற்கேற்ப அவருக்குச் சலுகை அடிகளை வழங்கும் எண். கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்புகளான அமெரிக்காவின் யூஎஸ்ஜிஏவும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் இயங்கும் ஆர் அண்ட் ஏவும் 2020-இல் கொண்டுவந்த உலக ஹேண்டிகேப் முறையில், ஒரு குழிக்குப் பதிவாகும் உச்ச எண்ணிக்கை ‘நெட் டபுள் போகி’. அதாவது அக்குழிக்கு விதிக்கப்பட்ட அடிகளான ‘பார்’, அதன்மேல் இரண்டு, அதன்மேல் அங்கே கிடைக்கும் சலுகை அடி. மைதான ஹேண்டிகேப் 18 உள்ளவருக்குக் குழிக்கு ஒரு சலுகை அடி உண்டு என்பதால், பார் 4 குழியில் அவருடைய வரம்பு 7.

அவருடைய முதல் அடி மரங்களுக்குள் போய் விழுந்ததாகக் கொள்ளலாம். பந்தைப் பக்கவாட்டில் வெட்டவெளிக்குத் தட்டிவிட்டு ஆடினால் சராசரியாக 5.5 அடியில் குழி முடியும் என்றும், கிளைகளின் இடைவெளி வழியே, குழியைச் சூழ்ந்த புல்தரையான கிரீனை நோக்கி அடித்துப் பலித்தால் 4.5, மரத்தில் பட்டுத் தெறித்தால் 8.5 ஆகும் என்றும் வைத்துக்கொண்டால், வரம்பே இல்லாத நிலையில் அந்தத் துணிச்சல் நான்கில் மூன்று முறை பலித்தால்தான் பாதுகாப்பான அடிக்கு ஈடாகும்; 8.5 என்பது 7 ஆகக் குறைக்கப்படுவதால் ஐந்தில் மூன்று முறை பலித்தால் போதும். வரம்பு தரும் தாராளம் இவ்வளவே. திறந்த வெளியிலிருந்தே கிரீனை அடிக்கடி தவறவிடும் ஒருவர், கிளைகளுக்கிடையே ஐந்தில் மூன்று முறை பந்தைச் செலுத்திவிடுவார் என்று நம்புவது துணிச்சல் அன்று, வெறும் வீம்பு. போதாக்குறைக்கு, இவ்வரம்பு ஹேண்டிகேப் பதிவேட்டுக்கு மட்டுமே உரியது. மொத்த அடிகளை எண்ணும் வழக்கமான ஸ்ட்ரோக் பிளே போட்டியில் ஒன்பது அடித்தால் ஒன்பதுதான், பந்தைக் குழியில் போடாமலே கையிலெடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போய் ஆடத் தொடங்கிவிட்டால் தகுதிநீக்கம்தான்.

நம்பிக்கை: ஹேண்டிகேப் என்பது ஒருவரின் சராசரி ஆட்டம், அதில் பின்தங்கினால் கடைசிக் குழிகளில் பாய்ந்து மீட்க வேண்டும்.

உண்மை: கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த எட்டின் சராசரியே அது. பெரும்பாலான நாள்களில் அதைவிடக் கூடுதலாக அடிப்பதே இயல்பு என்பதால், மீட்பதற்குக் கடன் எதுவும் இல்லை.

நம்பிக்கை: வேண்டுமென்றே மோசமாக ஆடி ஹேண்டிகேப்பை விரும்பியபடி ஏற்றிக்கொள்ளலாம்.

உண்மை: ஓராண்டுக் குறைந்தபட்ச எண்ணைவிட 3.0-க்கு மேல் ஏறும் பகுதி பாதியாக வெட்டப்படும், 5.0-க்கு மேல் ஏறவே ஏறாது. மாறாக, தம் எண்ணைவிட 7.0 அல்லது அதற்கு மேல் சிறப்பாக ஆடியவருக்குக் கூடுதலாக ஒன்றும், 10.0-ஐத் தொட்டால் இரண்டும் குறைக்கப்படும்.

நம்பிக்கை: பின்வரிசை டீயிலிருந்து ஆடினால் கூடுதல் அடிகள் கிடைப்பதால் நட்டமில்லை.

உண்மை: தொடக்க இடமான டீ ஒவ்வொன்றுக்கும், 55 முதல் 155 வரை அமைந்து 113-ஐ நடுத்தரமாகக் கொண்ட ‘ஸ்லோப்’ என்னும் கடின அளவைக் கொண்டு சலுகை அடிகள் கணக்கிடப்படுகின்றன. ஆனால் சலுகை அடி எவருடைய பந்தையும் ஒரு கஜம்கூடத் தொலைவாக்குவதில்லை. எட்டாத தொலைவை எட்ட முயல்வதில்தான் மேற்சொன்ன மரத்தடி வீம்பும் தொடங்குகிறது. அமெரிக்காவில் 2011-இல் தொடங்கிய ‘டீ இட் ஃபார்வர்ட்’ இயக்கம் வலியுறுத்தியது போல, தம் அடியின் தொலைவுக்கேற்ற முன்வரிசை டீயை ஒவ்வொருவரும் தேர்ந்துகொள்ள வேண்டும். எந்தத் தொலைவுக்கு எந்த டீ என்று முதல் குழியருகே பலகை வைக்க மன்றக் குழுக்களும் இனியேனும் முன்வர வேண்டும்.