மில் வேனில் ஏறும் முன்

விருதுநகர் மாவட்டம் குமாரலிங்கபுரத்தில் சிப்காட் வசமுள்ள 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வருகிறது. மத்திய, மாநில அரசுகள் 2023 மார்ச் 22 அன்று ஒப்பந்தம் போட்டன. நாடு முழுவதற்கும் ஏழு பூங்காக்கள்தான். அதில் ஒன்று இந்தக் கரிசல் காட்டுக்கு. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துப் பெண்களுக்கு இதுவரை காட்டு வேலை, நூறு நாள் வேலை, கரிமூட்டம், தீப்பெட்டி ஆபீஸ், மில் என்று வழிகள் இருந்தன. இனி ஆள் கேட்டு வரும் வேன்கள் கூடும். சம்பளம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: என் பெயர் யாருடைய ரிஜிஸ்டரில் ஏறும்?

அரசு தந்திருக்கும் உரிமைகள் பெரும்பாலும் எண்ணிக்கையில் தொங்குகின்றன. 10 பேர் வேலை பார்க்கும் இடம் என்றால் இ.எஸ்.ஐ. காப்பீடு வரும், பாலியல் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவும் வரும். 50 பேர் என்றால் குழந்தைக் காப்பகம் வேண்டும். அதனால்தான் சில இடங்களில் காண்டிராக்டர் நோட்டில் ஒன்பது பேர் இருப்பார்கள், தறிக்கூடத்தில் முப்பது பேர் நிற்பார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி எல்லாத் தொழிலாளருக்கும் பணி நியமனக் கடிதம் கட்டாயம். முதல் நாளே கேளுங்கள். கூச்சமாக இருந்தால், “பேங்க் லோனுக்குக் கேக்குறாங்க” என்று சொல்லியாவது வாங்குங்கள்.

கடிதத்தில் ‘பயிற்சியாளர்’ என்று இருந்தால் நிதானியுங்கள். தென் மாவட்டத்து மானாவாரிக் கிராமங்களிலிருந்து பெண் பிள்ளைகளை மூன்று வருடம் விடுதியில் வைத்து, கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொன்ன சுமங்கலித் திட்டம் இந்தச் சொல்லின் மறைவில்தான் ஓடியது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி பதிவானவர்களுக்கு மட்டுமே இ.எஸ்.ஐ. கிடையாது. மில்காரர் தாமாகவே பயிற்சி என்று பெயர் வைத்தால், அது இ.எஸ்.ஐ.யைத் தட்டிக்கழிக்கும் காரணம் ஆகாது. எந்தச் சட்டப்படி பயிற்சி என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், எதிரில் இருப்பவர் முகத்திலேயே பாதி பதில் தெரியும்.

இ.எஸ்.ஐ.க்கு வருவோம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் போட வேண்டும். பத்தாயிரம் சம்பளக்காரிக்குப் பிடித்தம் 75 ரூபாய். அந்த 75 ரூபாய்க்குப் பயந்து “எனக்கு இ.எஸ்.ஐ. வேண்டாம், கையில கொடுங்க” என்று சொல்பவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் விட்டுக்கொடுப்பது அந்த 75ஐ அல்ல, முதலாளி தர வேண்டிய 325ஐத்தான்.

இதில் எல்லாம் நாட்கணக்கு. மருத்துவம் உங்களுக்கும் குடும்பத்துக்கும் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு. நோய்க்காலப் பணத்துக்கு ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் கணக்கில் இருக்க வேண்டும். இருந்தால் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். புதிதாகச் சேர்ந்தவருக்கு இந்தப் பணம் ஒன்பது மாதம் கழித்துத்தான் தொடங்கும். பிரசவத்துக்கு முந்தைய இரண்டு சந்தாக் காலங்களிலும் சேர்த்து 70 நாள் போதும். 26 வாரத்துக்கு முழுச் சம்பளம் வரும். இரண்டு குழந்தை இருக்கையில் மூன்றாவது என்றால் 12 வாரம். கருச்சிதைவுக்கு ஆறு வாரம். வேலை மாறும்போது பழைய இ.எஸ்.ஐ. எண்ணையே புது மில்லில் கொடுங்கள். புது எண் போட்டால் பழைய நாட்கள் கணக்கில் சேராமல் போகும். பிரசவ நேரத்தில்தான் அந்த இழப்பு தெரியும்.

இ.எஸ்.ஐ. வராத இடத்தில் மகப்பேறு விடுப்புச் சம்பளத்தை முதலாளியே தர வேண்டும். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். அந்த விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நிறுத்துவது சட்டவிரோதம். இதோடு சேராத தனிப்பணம் ஒன்றும் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியரிடம் 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்கியவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்பு வருகிறது. 19 வயது நிரம்பிய ஏழைப் பெண்களுக்கு, இரண்டு பிரசவம் வரை. ஷிப்டைக் காரணம் சொல்லி இந்தப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

காப்பகத்தைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்று சட்டம் தாராளமாகச் சொல்கிறது. ஆனால் விடிவதற்கு முன் ஊரைச் சுற்றிக் கிளம்பும் மில் வேனில் ஏழு மாதக் குழந்தையை யார் தூக்கிக்கொண்டு ஏறுவது? குழந்தை ஆச்சியிடம் ஊரில், காப்பகம் மில்லில், பால் கட்டிக்கொண்டு தாய் மெஷின் முன்னால். புதிய பூங்காவில் ஆலைகள் வரும்போதே, வேனில் குழந்தையோடு வர இடம் உண்டா என்று நாலு பேர் சேர்ந்து கேட்டால்தான் இது மாறும். தனியாகக் கேட்டால் ‘தொந்தரவு பிடித்தவள்’ என்று பெயர் வரும்.

அந்த வேன் கவிழ்ந்தால்? வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் நடக்கும் விபத்து, வேலையோடு தொடர்புடையது என்று காட்ட முடிந்தால், வேலைக் காயமாகவே கணக்கு. அதற்கு, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே 90 சதவீதச் சம்பளம் உண்டு. நாட்கணக்கு நிபந்தனை இல்லை. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயும் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இருமல் விடாமல் இருந்தால், எந்தப் பிரிவில் எத்தனை வருடம் வேலை பார்த்தீர்கள் என்பதை இ.எஸ்.ஐ. டாக்டரிடம் சொல்லிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இரவு ஷிப்ட், அதாவது மாலை 7க்குப் பிறகும் காலை 6க்கு முன்பும், உங்கள் சம்மதம் இருந்தால்தான். சேரும்போது நீட்டும் கத்தைக் காகிதத்தில் அந்தச் சம்மதக் கடிதமும் இருக்கலாம். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சூப்பர்வைசர் தொல்லைக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். பத்துப் பேருக்குக் குறைந்த இடம் என்றாலோ, புகார் முதலாளி மேலேயே என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். குழு காகிதத்தில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் திண்டுக்கல் சாட்சி. 2021இல் அங்கே ஓர் ஆயத்த ஆடை ஆலையின் இளம் தொழிலாளி கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு, பெண்கள் தலைமை வகிக்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பவர்களைத் தளத்தில் நிறுத்தியது. சங்கம் என்றால் கொடி பிடிப்பது என்று நினைக்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லலாம்.

சம்பளச் சீட்டு, வருகை அட்டை, நியமனக் கடிதம் மூன்றையும் மாதாமாதம் போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181. வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி எண் 15100. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக உதவும். விருதுநகர் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுத்தால், மனு எண் போட்ட ரசீது வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.