முறை மனத்தை வளர்க்கும்

வாய்க்காலில் நீர் குறைந்த காலத்தில் மேல்மடைக்காரர் கடைமடையை எண்ணித் தம் மடையை அடைப்பாரா? மனிதர் தன்னலம் உடையவராதலின் அடைக்கமாட்டார் என்பது பலர் கருத்து. 1968-இல் காரெட் ஹார்டின் என்னும் அமெரிக்க அறிஞரும் இவ்வாறே எழுதினார். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தத்தம் மந்தையைப் பெருக்குவர். முடிவில் நிலம் பாழாகும் என்றார் அவர். இக்கூற்று முழு உண்மையாயின் கூட்டுறவுக்கே இடமில்லை. ஆகவே இதனை ஆராய்வோம்.

ஸ்பெயின் நாட்டின் கீழ்க்கரையில் வலென்சியா என்னும் நகரம் உள்ளது. அதனைச் சூழ்ந்த வயல்களுக்குத் தூரியா ஆறு நீர் தருகிறது. 1435-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள், அங்குள்ள இரு வாய்க்கால்களின் பாசனக்காரர் 84 பேர் ஒரு மடத்தில் கூடித் தமக்குரிய விதிகளைத் தாமே வகுத்தனர். நீர் யாருக்கு உரியது, வறண்ட ஆண்டில் எவ்வாறு பகிர்வது, வாய்க்காலைச் செப்பனிடுவது யார் பொறுப்பு, தவறினால் தண்டம் என்ன என்பன அவற்றுள் அடங்கின.

இன்றும் வியாழன்தோறும் நண்பகலில் அந்நகரப் பேராலய வாயிலில் நீர் நியாயசபை கூடுகிறது. எட்டு வாய்க்கால்களின் உழவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் அதில் அமர்வர். அவர்களும் உழவர்களே. வழக்கு வாய்மொழியாகவே நடைபெறும். தீர்ப்பும் அங்கேயே கூறப்படும். குற்றம் சாட்டப்பட்டவர் வலக்கரையினராயின் இடக்கரைப் பிரதிநிதிகளே தீர்ப்பை முன்மொழிவர். ஆதலின் ஓரவஞ்சனைக்கு இடமில்லை.

இத்தகைய அமைப்புகளை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார் 1990-இல் ஒரு நூல் வெளியிட்டார். 2009-இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு பெற்றார். விதியால் கட்டுப்படுவோரே விதியை வகுத்தல், கண்காணிப்போர் அவர்களுக்கே பொறுப்பாளராதல், சிறு குற்றத்திற்குச் சிறு தண்டமும் தொடர்ந்தால் பெருந்தண்டமும் விதித்தல், பூசலை விரைவில் தீர்த்தல் ஆகியவை நிலைத்த அமைப்புகளில் காணப்படுவதாக அவர் காட்டினார்.

இங்கே நாம் உணர வேண்டியது ஒன்றுண்டு. வலென்சியா உழவர் பிறவியிலேயே நம்மினும் நல்லவர் அல்லர். பிறரும் முறையை மீறமாட்டார் என்னும் நம்பிக்கை இருப்பதால் ஒருவர் தம் முறைக்குக் காத்திருக்கிறார். காத்திருந்து பழகியவருக்கு 'என் நீர்' என்னும் எண்ணம் தளர்ந்து, 'என் முறை' என்னும் எண்ணம் வேரூன்றுகிறது. மனம் முறையை ஆக்குவது போலவே முறையும் மனத்தை ஆக்குகிறது.

வெறும் சட்டம் இதனைச் செய்துவிடாது. நம் நாட்டில் ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து, பழைய வழக்கம். 1858-இல் சென்னை மாகாணத்தில் அதனைக் கட்டாயமாக்கச் சட்டம் இயற்றினர். சட்டம் ஏட்டில் இருந்தது. வழக்கமோ நாளடைவில் தேய்ந்தது.

நூல் பங்கீடாயினும் உரப் பங்கீடாயினும் நம் சங்கத்திற்கும் இதுவே பாடம். கணக்கு அனைவர் கண்ணிலும் படுமாயின் நம்பிக்கை வளரும். மறைக்கப்படுமாயின் நேர்மையானவரும் முந்திக்கொள்ளவே எண்ணுவர்.

சிந்திக்க:

1. நம் சங்க விதிகளுள் அங்கத்தினர் கூடி வகுத்தவை எவை?

2. பங்கீட்டுக் கணக்கை யார் எப்போது பார்க்கலாம்?

3. நிர்வாகக் குழுவினரே தவறினால் அவரை விசாரிப்பவர் யார்?