இரைப்பையைச் சுருக்கும் ஒப்பரேஷன்: வன்னி வீடுகளுக்குச் சில குறிப்புகள்

நிறை குறைக்கும் ஒப்பரேஷன் கொழும்பில் இரண்டொரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். மிச்சமெல்லாம் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ ஒரு வீட்டுக் குசினியில்தான் நடக்க வேண்டும். போகிறவருக்கும், அவருக்குச் சமைத்துப் போடுகிறவர்களுக்கும் சேர்த்து இந்தக் குறிப்புகள்.

1. என்ன செய்யப்போகிறார்கள் என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். அதிகம் செய்யப்படுவது இரண்டு வகை. 'ஸ்லீவ்' என்பதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒடுங்கிய ஒரு குழாயை மட்டும் விடுவார்கள். 'பைபாஸ்' என்பதில் இரைப்பையின் மேற்பகுதியில் சின்னப் பை ஒன்றைப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரே இணைப்பார்கள். ஸ்லீவில் வெட்டியெடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. "ஒருக்கா செய்து பாப்பம்" என்று யோசிக்கிறவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

2. உடற்திணிவுச் சுட்டெண் 35ஐத் தாண்டினால் இந்த ஒப்பரேஷனைப் பரிந்துரைக்கலாம் என்று 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டி சொல்கிறது. ஆசியர்களுக்கு அந்த எல்லை 27.5. ஆனால் காலை இழந்தவர்கள் தராசை நம்பக் கூடாது. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லாவிட்டால் உடல் நிறையில் ஏறக்குறைய 6 வீதமும், இடுப்போடு போயிருந்தால் 16 வீதமும் குறைவாகவே தராசு காட்டும். அந்தக் கணக்கைக் கூட்டித்தான் சுட்டெண்ணைப் பார்க்க வேண்டும். ஓடியாடி வேலைசெய்ய முடியாமல் உடம்பு வைத்தவர்கள் நம் மாவட்டங்களில் எத்தனையோ பேர். அவர்களைப் பார்த்து "சாப்பாட்டைக் குறை" என்று மட்டும் சொல்லி அனுப்புவது நியாயமில்லை.

3. உடம்பில் போர்க்காலச் செல் துண்டு இருந்தால், வயிற்றில் பழைய காயமோ தையலோ இருந்தால், முதல் நாளே சத்திரசிகிச்சை நிபுணரிடம் சொல்லிவிடுங்கள். முன்பு வயிற்றைத் திறந்து செய்த ஒப்பரேஷனால் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். சின்னத் துளை போட்டுச் செய்யும் முறைக்கு அது இடைஞ்சல். உலோகத் துண்டு உள்ளே இருப்பதைத் தெரிவிக்காமல் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுப்பதும் ஆபத்து. "அது பழைய கதை டொக்டர்" என்று மறைக்க வேண்டாம்.

4. கொழும்பில் அரச வைத்தியசாலைகளிலும் இதைச் செய்கிறார்கள். கட்டணம் இல்லை, ஆனால் காத்திருக்க வேண்டும். உங்கள் மாவட்டப் பொது வைத்தியசாலை கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு போவதே நேர்வழி. பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்க நினைக்கிறவர்களும் உண்டு. புறப்படுமுன் ஒரு செய்தியை நினைவில் வைத்திருங்கள். 2024 ஏப்ரலில் சென்னைப் பம்மலில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில், இதே ஒப்பரேஷனுக்குப் போன 26 வயதுப் புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். தமிழ்நாட்டு அரசு அதை விசாரித்தது. ஆகவே எங்கே போனாலும் மூன்று கேள்வி கேளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா? இந்த ஒப்பரேஷனை இவர் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்? ஊர் திரும்பிய பிறகு சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவது? மூன்றாவதற்குச் சரியான பதில் வராத இடத்தில் காசு கட்ட வேண்டாம்.

5. வெளிநாட்டு அண்ணன் ஒப்பரேஷனுக்குக் காசு அனுப்புவார். அதற்குப் பிறகு ஆயுள் முழுவதும் வாங்க வேண்டிய விற்றமின் குளுசைக்கும், வருடாவருடம் இரத்தப் பரிசோதனைக்கும் யார் தருவது என்பதையும் அதே தொலைபேசி அழைப்பில் பேசி முடியுங்கள்.

6. ஒப்பரேஷனுக்கு முன் இரண்டு கிழமை கடும் பத்தியம் சொல்வார்கள். ஈரலில் ஏறிய கொழுப்பு குறைந்து ஈரல் சுருங்கினால்தான் அதன் கீழே இருக்கும் இரைப்பையை நெருங்க முடியும். "கடைசியா ஒருக்கா நல்லாச் சாப்பிடட்டும்" என்று கொத்துரொட்டி வாங்கிக் கொடுப்பது அந்த நேரத்தில் கெடுதல். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் பத்தியம் தொடங்கும்போதே அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். சிகரெட், பீடி, வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாவற்றையும் அதற்கும் முன்பே விட்டுவிட வேண்டும்.

7. இனி அம்மாவிடம் வருவோம். இந்தப் பட்டியலில் மிகவும் கடினமான குறிப்பு இதுதான்.

2009இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் ஒரு சுண்டு அரிசியை எத்தனை பேருக்குப் பகிரலாம் என்று பார்த்த கைகள் அவை. பிறகு மெனிக் பாம் முகாமில் சாப்பாட்டு வரிசையில் நின்ற கைகள். அந்தக் கையால் பிள்ளையின் கோப்பையில் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் போடச் சொல்கிறோம். அவவால் முடியாது. "இன்னும் ஒரு அகப்பை போடட்டோ பிள்ளை?" என்று கேட்பா. வேண்டாமென்றால் முகம் வாடும். ஒளித்துப் போடுவா. பிள்ளை தின்று சத்தி எடுத்தால், "ஒப்பரேஷன் பிழைச்சுப் போச்சு" என்று அழுவா.

இதற்கு விளக்கம் சொல்லி வெல்ல முடியாது. அம்மாவுக்கு வேலை கொடுங்கள். பருப்புத் தண்ணீரை வடித்துத் தருவது, எந்த நேரம் என்ன குடிக்க வேண்டும் என்று மணிக்கூடு பார்த்துச் சொல்வது, மீனை முள்ளில்லாமல் மசிப்பது எல்லாம் அவவின் பொறுப்பாகட்டும். ஒப்பரேஷனுக்கு முந்திய கிளினிக்குக்கு அவவையும் கூட்டிப் போங்கள். ஊட்டிவிடும் ஆசை எங்கேயும் போகாது. அதற்கு ஒரு வழி விடுவதுதான் புத்தி.

8. கோப்பையில் மிச்சம் விடுவது பாவம் என்று வளர்ந்தவர்களுக்கு, ஒப்பரேஷனுக்குப் பிறகு கடைசிக் கவளம்தான் எதிரி. தேத்தண்ணிக் கோப்பையின் கீழ்த்தட்டில் சாப்பிடுங்கள். குறைவாகப் போட்டால் மிச்சம் வராது.

9. கொழும்பிலிருந்து கிளிநொச்சி முன்னூறு கிலோமீற்றருக்கு மேல். ஒப்பரேஷன் முடிந்து சில நாளில் அந்தத் தூரத்தை அசையாமல் இருந்து வந்தால் காலில் இரத்தம் கட்டிவிடலாம். அது நுரையீரலுக்குப் போனால் உயிராபத்து. மணித்தியாலத்துக்கு ஒருமுறை வானை நிறுத்தி நடக்க வேண்டும். இருக்கையில் இருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே வாருங்கள். டொக்டர் ஊசியோ இறுக்கமான காலுறையோ தந்திருந்தால் வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டாம். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எப்படியும் வாகனம் நிற்கும். பிள்ளையாரைச் சுற்றி நடவுங்கள், கச்சான் மற்றவர்களுக்கு.

10. முதல் இரண்டு கிழமை நீராகாரம்: வடித்த பருப்புத் தண்ணீர், காரமில்லாத ரசம், வடித்த மரக்கறி சூப், ஆடை எடுத்த பால், மோர். அடுத்த இரண்டு கிழமை மசியல்: பருப்பு, தயிர், மீன், முட்டை. அதன்பின் இடியப்பமும் தண்ணிச் சொதியும், அவித்த மீனும். சோறு வர இரண்டு மாதம் ஆகலாம். பாணும் இறைச்சியும் நெஞ்சுக்குள் சிக்குகிறவை, கடைசியில்தான். உங்கள் டொக்டர் வேறு கணக்குச் சொன்னால் அவர் சொன்னதே சரி. வீட்டுக்குத் தனிச் சமையல் தேவையில்லை. கறிக்குத் தூளும் தேங்காய்ப்பாலும் விடுமுன் இரண்டு கரண்டி எடுத்து வைத்தால் போதும்.

11. ஒரு முட்டையில் பாதி. தேக்கரண்டியின் நுனியில் எடுங்கள். கூழாகும்வரை மெல்லுங்கள். கரண்டியைக் கீழே வையுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து அடுத்ததை எடுங்கள். அரை முட்டைக்கு இருபது நிமிடம் போகும். நெஞ்சின் நடுவில் இறுக்கம், திடீர் விக்கல், மூக்கால் நீர் வடிதல், இவற்றில் ஒன்று வந்தால் இரைப்பை நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் ஒரு வாயும் வேண்டாம். தொலைக்காட்சி நாடகத்துக்கு முன்னால் இருந்து சாப்பிட்டால் இந்த அறிகுறி எதுவும் தெரியாது.

12. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள். அரை மணித்தியாலம் முன்னே பின்னே இடைவெளி விடுங்கள். ஆனால் நாளுக்கு ஒன்றரை லீற்றருக்குக் குறையவும் கூடாது, ரம்ளரைத் தூக்கி மடமடவென்று குடிக்கவும் முடியாது. ஒரே வழி, போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு மிடறு மிடறாகக் குடிப்பதுதான். ஓகஸ்ட் வெயிலில் வயலுக்கோ தோட்டத்துக்கோ போகிறவர்கள் இன்னும் கவனம். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சிறுநீரக வருத்தம் உள்ள ஊர்கள் இருக்கின்றன. அங்கே உடம்பு வறளுவது இரட்டைக் கேடு. சிறுநீர் கடும் மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை.

13. புரதம் நாளுக்கு 60 கிராமாவது வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரைந்துவிடும். விலை கூடிய மாவுப் பேணி இல்லாமலும் சமாளிக்கலாம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். நந்திக்கடல் இறாலும் குளத்து மீனும் பருப்பும் பயறும் கௌபியும் நம் வீட்டில் இருக்கிறவைதானே. கோப்பையில் முதலில் மீன், பிறகு மரக்கறி, இடமிருந்தால் சோறு. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் இந்த அளவை டொக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

14. குளுசை விஷயம். இரும்புச்சத்துக் குளுசையும் கல்சியமும் ஒன்றோடொன்று சேராது, இரண்டு மணித்தியால இடைவெளி வேண்டும். தேத்தண்ணியோடு இரும்புக் குளுசை போட்டால் பாதி வீண். பி12 ஊசியாகவோ குளுசையாகவோ தொடரும். சீனிக்கும் பிறசருக்கும் பழைய அளவிலேயே மருந்து போட்டுக்கொண்டிருந்தால் தலைச்சுற்றி விழுந்துவிடுவீர்கள். சில நாளிலேயே தேவை குறைந்துவிடும் என்பதால் வீட்டில் அளந்து எழுதி வைத்து கிளினிக்கில் காட்டுங்கள். நாரிப்பிடிப்புக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்குளோபினாக், இபுபுரூபன் இரண்டும் இனி வேண்டாம், முக்கியமாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு. அவை குடல் இணைப்பில் புண்ணை உண்டாக்கும்.

15. பாயாசம், நெக்டோ, பனங்கட்டியோடு பிளேன்ரீ போன்றவை பைபாஸ் செய்தவர்களுக்குச் சில நேரம் அரை மணித்தியாலத்துக்குள் நெஞ்சுப் படபடப்பு, வியர்வை, வயிற்றோட்டம் தரும். சாகிறமாதிரி இருக்கும், ஆனால் படுத்தால் அடங்கும். இனிப்பை விடுவதே மருந்து.

16. மூன்றாம் மாதமளவில் மயிர் கொட்டும். பெண் பிள்ளைகள் இதற்குத்தான் அதிகம் அழுகிறார்கள். பெரும்பாலும் ஓராண்டுக்குள் திரும்ப வரும். எண்ணெய் மாற்றிப் பயனில்லை, புரதத்தையும் இரும்பையும் பாருங்கள். தொங்கும் தோல் மடிப்புகளைக் குளித்ததும் ஈரமில்லாமல் துடைத்துப் பருத்திச் சட்டை போடுங்கள். பொய்க்கால் போட்டிருப்பவர்களுக்கு நிறை குறையக் குறைய அதன் கிண்ணம் தளரும். தளர்ந்ததோடு நடந்தால் புண் வரும். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடத்தில் காலத்துக்குக் காலம் சரிபார்க்க வேண்டும்.

17. ஊர் வாய். முன்பு "என்ன இப்பிடி உடம்பு வைச்சிட்டாய்" என்று கேட்டவரே, "என்ன தங்கச்சி, ஏதும் வருத்தமோ? கன்னம் ஒட்டிப்போச்சு" என்று கேட்பார். எல்லோருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய கடமை இல்லை. "டொக்டர் சொல்லித்தான் மெலியுறன்" போதும். கலியாணம் பேசும்போது மட்டும் மறைக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். ஒப்பரேஷனுக்குப் பின் 12 முதல் 18 மாதம் பிள்ளை தங்கக் கூடாது. நிறை குறைந்தால், முன்பு தங்காதவர்களுக்கும் சட்டென்று தங்கிவிடும். பைபாஸுக்குப் பிறகு கருத்தடைக் குளுசையை முழுதாக நம்பவும் முடியாது. குடும்பநல மருத்துவிச்சியிடம் வேறு வழி கேளுங்கள்.

18. கந்தசஷ்டி உபவாசத்தை முதல் வருடம் விட்டுவிடுங்கள், முருகன் கோவிக்க மாட்டார். வற்றாப்பளைப் பொங்கல், கலியாண வீடு, செத்தவீட்டுச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் போங்கள், சின்னக் கரண்டியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு. மே 18 முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சியை மறுக்க மனம் வராது, மறுக்கவும் தேவையில்லை. சோற்றுப் பருக்கை சேராத காலமென்றால் தெளிவைச் சில மிடறு குடியுங்கள். மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுங்கள்.

19. கவலை வந்தால் சாப்பிட்டு ஆறியவர்கள் பலர். ஒப்பரேஷன் அந்த வழியை அடைத்துவிடுகிறது, கவலையை எடுத்துவிடுவதில்லை. முதல் மாதங்களில் காரணமில்லாத அழுகை, எரிச்சல், "ஏன் செய்தேன்" என்ற நினைப்பு எல்லாம் வரும். காணாமல் போனவர்களின் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கும் வீடுகளில் இது இன்னும் கனமாக இருக்கும். சிலர் சாப்பாட்டுக்குப் பதில் குடிக்குப் போகிறார்கள். இந்த ஒப்பரேஷனுக்குப் பின் சாராயமும் கள்ளும் முன்னையைவிட வேகமாக இரத்தத்தில் ஏறும். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற மனநல உதவி எண்ணும் இருக்கிறது.

20. இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று பார்க்க வேண்டாம்: நாடித்துடிப்பு 120ஐத் தாண்டுவது, காய்ச்சல், அடங்காத வயிற்று வலி, தோள்மூட்டு வலி, மூச்சு முட்டல், ஒரு கால் மட்டும் வீங்குவது. 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். சத்தி நாட்கணக்கில் நிற்காவிட்டாலும் வைத்தியசாலைக்கே போக வேண்டும். தயமின் என்ற விற்றமின் இறங்கி மூளையைப் பாதிக்கும்.

21. முதல் ஒன்றரை இரண்டு வருடத்தில் மொத்த நிறையில் கால் பங்கோ சற்றுக் கூடவோ குறையலாம். அதன்பின் கொஞ்சம் ஏறுவது வழமை. ஏறுகிறதென்று வெட்கப்பட்டுக் கிளினிக்கை விடுகிறவர்களே பிறகு இரத்தச்சோகையோடு வருகிறார்கள். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எந்த ஒப்பரேஷன், எந்த வைத்தியசாலை, எந்தத் திகதி என்று சிவப்பு மையால் எழுதி வையுங்கள். அவசரத்தில் உங்களைப் பார்க்கிற டொக்டருக்கு அது தெரியாமல் இருக்கக் கூடாது.