உடற்பருமனும் அறுவை சிகிச்சையும்

தஞ்சைத் தரணி நெல்லுக்குப் பெயர் பெற்றது. காலையில் இட்லி, நண்பகலில் சோறு, இரவில் தோசை என அரிசியே நம் உணவு. குனிந்து நாற்று நட்டு, அரிவாளால் கதிர் அறுத்த காலத்தில் உண்ட சோறு உழைப்பில் கரைந்தது. இன்றோ வயலில் இயந்திரங்கள் இறங்கிவிட்டன. உழைப்பு குறைந்தது, தட்டிலுள்ள சோறு குறையவில்லை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழகப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் மிகை எடை உடையவர்கள்.

எடை மிகுதி என்பதை எப்படி அறிவது? எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1.5 மீட்டர் உயரமுள்ள ஒருவரின் எடை 90 கிலோ என்று கொள்வோம். 90 ÷ 2.25 = 40. வயது வந்தோருக்கு இவ்வெண் 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடற்பருமன் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்தியர்க்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதய நோயும் தோன்றுவதால், நம் நாட்டு மருத்துவர்கள் 25ஐயே எல்லையாகக் கொள்கின்றனர்.

உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, மருந்து ஆகியவற்றால் பயன் காணாத நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை ஒரு வழியாகும். 1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற மருத்துவர் இரைப்பையின் மேற்பகுதியைத் தனியே பிரித்து, அதைச் சிறுகுடலோடு இணைத்தார். இன்று பெரிதும் செய்யப்படும் மற்றொரு முறையில் இரைப்பையின் முக்கால் பங்கிற்கு மேல் வெட்டி நீக்கப்படுகிறது. எஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாயே. பசியைத் தூண்டும் சுரப்பும் குறைவதால், சிறிதளவு உண்டாலே வயிறு நிறைந்துவிடும்.

இதனால் விளையும் நன்மை பெரிது. சுவீடன் நாட்டில் 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வில், சிகிச்சை பெற்ற பருமனானோரிடையே இறப்பு குறைந்தது தெரியவந்தது. பலருக்கு நீரிழிவும் தணிந்தது.

ஆயினும் ஆபத்தும் உண்டு. தைத்த இடத்தில் கசிவு, இரத்தப்போக்கு, நுரையீரலில் இரத்தக்கட்டி ஆகியவை நேரலாம். 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முப்பது நாட்களுக்குள் இறந்தோர் ஆயிரத்துக்கு மூவர். எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் இழந்த குடும்பத்துக்கு அது சிறிதாகுமா? 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையில் இச்சிகிச்சையை அடுத்து உயிரிழந்தார். அரசு விசாரணை நடத்தி, அந்தத் தனியார் மருத்துவமனையின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. ஆகவே தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, மருத்துவர் பயிற்சி பெற்றவரா என்று முன்னரே விசாரித்தறிவது குடும்பத்தாரின் கடமையாகும்.

வீடு திரும்பியதும் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் பி12 ஆகியவை குறைந்து சோகையும் எலும்புத் தளர்ச்சியும் வரக்கூடும். ஆகையால் சத்து மாத்திரைகளும் இரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுதும் வேண்டும். பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும் என்பர். பழைய உணவுப் பழக்கத்துக்குத் திரும்பினால் எடையும் திரும்பும்.

எனவே, இது அழகுக்காகவோ, பெண் பார்க்க வருவோரின் சொல்லுக்காகவோ செய்துகொள்ளும் சிகிச்சை அன்று, நோய்க்கான சிகிச்சை. வகுப்பில் ஒருத்தியைக் 'குண்டு' என்று கேலி செய்தால், அவள் உடல் மெலியாது, உள்ளமே மெலியும். பருமனுக்குப் பரம்பரையும் சுரப்பிகளும் காரணமாகலாம் என்பதை நாம் மறத்தலாகாது. கேலியை விடுத்து, மாலையில் அவளையும் அழைத்துக்கொண்டு விளையாடச் செல்வோம். தட்டில் சோற்றைச் சற்றுக் குறைத்து, கீரையையும் காயையும் பயறு வகைகளையும் கூட்டுவோம். கத்தி தேவைப்படும் நிலை வருமுன்னே நம்மைக் காத்துக்கொள்வோமாக!