பிள்ளைகள் நடத்தும் நீதிமன்றத்துக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

வாரக்கணக்கில் சட்டம் படித்து, பரீட்சையும் தேறி, ஆங்கரேஜ் இளையோர் நீதிமன்றத்தில் வழக்காட வந்துவிட்டாய். மனமார்ந்த வாழ்த்து.

அலாஸ்காவில் 1989 முதல் நடக்கும் இந்த மன்றத்தில் வாதிடுபவரும் பள்ளிப் பிள்ளை, நீதிபதியும் பள்ளிப் பிள்ளை. கடையில் சில்லறைத் திருட்டு போன்ற சிறு குற்றங்கள்தான் வரும். பெரும்பாலும் குற்றத்தை மறுக்காத பிள்ளைகள். என்ன தண்டனை என்பதே கேள்வி.

இதை விளையாட்டு என்பவர்களிடம் அர்பன் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் 2002-இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டு. அலாஸ்காவில் இந்த வழியில் போனவர்களில் ஆறு மாதத்துக்குள் மறுபடி சிக்கியவர்கள் 6 சதவீதம். வழக்கமான வழியில் போன, அவர்களை ஒத்த பிள்ளைகளில் 23 சதவீதம். பெரியவர் நீதிபதியாக அமர்ந்த மேரிலாந்து இளையோர் மன்றத்தில் அப்படியொரு பலன் தெரியவில்லை. ஒரே ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனாலும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே முழுசாக விடுவதில்தான் இதன் உயிர் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

பொறுப்பு வந்ததும் கடுமையும் கூடவே வரும். கண்டிப்பாக இருந்தால்தான் பெரியவர்கள் மதிப்பார்கள் என்று தோன்றும். இடங்கொடுக்காதே. லிப்ஸ்டிக் திருடிய பெண்ணிடம் "ஏன் எடுத்தே?" என்றால் "தெரியல" என்று தலையைக் குனிந்துகொள்வாள். "அன்னிக்குக் கூட யார் இருந்தாங்க? வீட்டுக்கு யார் போன் போட்டாங்க?" என்று கேள். பேச ஆரம்பிப்பாள். பக்கத்தில் இருக்கும் அம்மாவும் அப்போதுதான் முழுக்கதையைக் கேட்பார்.

தண்டனை கேட்கும்போது, பூங்காவைப் பெருக்கு என்று மணிக்கணக்கை மட்டும் ஏற்றாதே. மன்னிப்புக் கடிதம் கேள். 'சாரி' என்று மூன்று வரியில் முடிப்பதை ஏற்காதே. சரக்கு குறைந்தால் கடையில் யார் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று விசாரித்து எழுதட்டும். கடைக்காரருக்கும் தன் நஷ்டத்தை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டார் என்றிருக்கும்.

டெக்சாஸின் ஒடெஸாவில் 1983-இல் தொடங்கிய மன்றத்தின் ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்: தண்டனை பெற்ற பிள்ளையே பிறகு இன்னொருவர் வழக்கில் ஜூரியாக உட்கார வேண்டும். நேற்றுவரை தலைகுனிந்து நின்றவனிடம் 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று ஊரே கேட்கிறது. எந்த அபராதமும் இதைச் செய்யாது.

கடைசியாக ஒன்று. கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று உறுதி எடுத்திருக்கிறாய். நெருங்கிய நண்பன் துருவித் துருவிக் கேட்டாலும் வாய் திறக்காதே. நாளைக்கே அந்தப் பெண் உன் வகுப்பில் வந்து உட்காரலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்