வளரும் வீரர்களின் முதுகெலும்பு

மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சிப் பரேட் மைதானத்தில் சிறுவர்கள் கால்பந்தும் கிரிக்கெட்டும் ஆடுவது வழக்கமான காட்சியாகும். 2024 நவம்பரில் கேரள மாநிலப் பள்ளி விளையாட்டு விழா, ஒலிம்பிக் போட்டிகளின் மாதிரியில் கொச்சியில் நடைபெற்றது. பள்ளி விளையாட்டு இவ்வாறு வளரும்போது, இளம் உடல் தாங்கக்கூடிய சுமையைப் பற்றிய அறிவும் உடன் வளர்தல் இன்றியமையாதது. இளம் வீரர்களின் இடுப்பு வலி பெரும்பாலும் தசைப்பிடிப்பு என்று ஒதுக்கப்படுகிறது. அது எலும்பு முறிவின் தொடக்கமாகவும் இருக்கக்கூடும்.

காயத்தின் தன்மை

இடுப்புப் பகுதியில் 5 முள்ளெலும்புகள் உள்ளன. ஒவ்வொன்றின் பின்புற வளையத்திலும், மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் குறுகிய எலும்புப் பகுதி ஒன்று உண்டு. முதுகைப் பின்னோக்கி வளைத்துத் திருப்பும்போது பளு அப்பகுதியில் குவிகிறது. இச்செயல் ஓய்வின்றித் திரும்பத் திரும்ப நிகழ்ந்தால் நுண்ணிய விரிசல் தோன்றுகிறது. ஐந்தாம் முள்ளெலும்பே மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது. வேகப்பந்து வீச்சு, ஈட்டி எறிதல், ஜிம்னாஸ்டிக்ஸ் ஆகியவற்றில் இவ்வாபத்து அதிகம். வளரும் பருவத்தில் எலும்பு முழு வலிமை பெறாதிருப்பதும் ஒரு காரணமாகும்.

அமெரிக்காவில் 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், இடுப்பு வலியுடன் வந்த 100 இளம் விளையாட்டு வீரர்களில் 47 பேருக்கு இவ்வெலும்புப் பகுதியில் பாதிப்பு காணப்பட்டது. அதே வலியுடன் வந்த வயது வந்தோர் 100 பேரில் 5 பேருக்கே அது இருந்தது.

அனுபவம் தரும் பாடம்

ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி, 1973-இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஆடியபோது முதுகெலும்பு விரிசலால் பாதிக்கப்பட்டார். நீண்ட ஓய்வும் முறையான உடற்பயிற்சியும் பெற்று, 1974-இல் மீண்டும் டெஸ்ட் ஆட்டங்களில் பந்து வீசினார். 1987-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற எம்.ஆர்.எஃப். வேகப்பந்து வீச்சுப் பயிற்சி நிலையத்திற்கு அவரே வழிகாட்டியாக அமைந்தார். கேரளத்திலிருந்து இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய முதல் வீரரான டினு யோஹன்னான் அங்குப் பயின்றவர். 2019-இல் ஜஸ்பிரித் பும்ராவுக்கும் இத்தகைய விரிசல் ஏற்பட்டது. உயர்ந்த மருத்துவ வசதி பெற்ற வீரருக்கே இந்நிலை எனில், பள்ளி மாணவர்களின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறைக்கப்படும் வலி

விளையாட்டில் வெல்லும் மாணவருக்குச் சலுகை மதிப்பெண்ணும், உயர்கல்வியில் விளையாட்டு ஒதுக்கீடும் கிடைக்கின்றன. எளிய குடும்பத்து மாணவனுக்கு இவை பெரும் வாய்ப்புகள். எனவே, அணியில் இடம் போய்விடுமோ என்ற அச்சத்தால் அவன் வலியை மறைக்கிறான். தொடக்கத்தில் கண்டறிந்தால் பெரும்பாலும் சில மாத ஓய்விலேயே விரிசல் கூடிவிடும். காலம் தாழ்ந்தால் அது கூடாமலே நின்றுவிடலாம். சிலருக்கு முள்ளெலும்பு முன்னோக்கி நழுவவும் கூடும்.

செய்ய வேண்டியவை

முதுகைப் பின்னோக்கி வளைக்கையில் மிகும் வலி இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுகுதல் வேண்டும். தொடக்க நிலை விரிசல் எக்ஸ்-ரே படத்தில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. பரிசோதனை அதனைக் காட்டும். பயிற்சியாளர் ஒவ்வொரு மாணவனும் வாரந்தோறும் வீசும் பந்துகளைக் குறித்து வைத்தல் நலம். பள்ளி, மாவட்டம், கிளப் என மூன்று அணிகளுக்கு ஒருவனே ஆடும்போது மொத்தச் சுமையை யாரும் கணக்கிடுவதில்லை. வயிறு, முதுகுத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும், ஆண்டில் சில மாத ஓய்வும் தேவை. எல்லாவற்றிற்கும் மேலாக, வலியைச் சொன்ன மாணவனின் இடம் பறிபோகாது என்ற உறுதியைப் பள்ளியும் தேர்வுக் குழுவும் அளித்தல் வேண்டும். அவ்வுறுதி இருந்தால்தான் மருத்துவ உதவி உரிய காலத்தில் அவனைச் சென்றடையும்.